ததேயுஸ் யோசிக்கும் நான்கு நொடி

தேர்வுக்கூடத்துக்குள் நுழைகிறவர்களிடம் ஒரு காலத்தில் துண்டுச்சீட்டைப் பிடுங்கினார்கள். பிறகு கைபேசியைப் பிடுங்கினார்கள். இப்போது பிடுங்க வேண்டிய சாமான் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் இருந்தது. பிடுங்கினால் ரத்தம் வரும். அதனால் அழித்தார்கள்.

அந்தச் சாமானுக்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது. ஊர் அதை மச்சம் என்றது. மிளகு அளவு, மிளகு நிறம். எதையாவது படிக்கும்போதோ யாராவது பேசும்போதோ அதை ஒரு தடவை அழுத்தினால் அந்த வரி ஏறிக்கொள்ளும். இரண்டு தடவை அழுத்தினால் ஒட்டும். திரையில் ஒட்டலாம், ஒலிபெருக்கியில் ஒட்டலாம், சொந்தக் காதிலேயே ஒட்டிக் கேட்கலாம், பேனா பிடித்த கையில் ஒட்டினால் கை தானாக எழுதும். ஒரு சமயத்தில் ஒன்றுதான். புதிதாக ஒன்றை எடுத்தால் பழையது போய்விடும். அரசாங்கம் இதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் கொடுத்தது.

இன்னொரு சமாசாரம். நாம் பேசியதையோ எழுதியதையோ எங்காவது ஒருவர் ஒட்டினால், நமக்குக் காதுக்குப் பின்னால் எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கும். கம்பெனி ஏதோ மரியாதைக்குத் தகவல் சொல்லி அனுப்புகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். தேர்வு சமயத்தில் குறிப்புகள் பிரபலமான பேராசிரியர்கள் நாள் முழுக்கக் காதைச் சொறிந்துகொண்டு திரிந்தார்கள். குறிப்புகள் பிரபலமாகாத பேராசிரியர்களும் கௌரவத்துக்காகச் சொறிந்தார்கள்.

மச்சம் வந்த முதல் வருஷம் ஒரு மாணவன் முப்பத்தெட்டுப் பக்கம் பிழையில்லாமல் விடை எழுதினான். பாடப்புத்தகத்தின் பக்க எண்களையும் அச்சகத்தின் விலாசத்தையும் சேர்த்தே எழுதியிருந்ததால் மாட்டிக்கொண்டான். உடனே விசாரணைக் குழு அமைத்தார்கள். அந்தப் பாடத்தின் பேராசிரியர் பதினோரு வருஷமாக ஒரே குறிப்பை வாசித்தே வகுப்பெடுத்து வந்ததற்கு யாரும் குழு அமைக்கவில்லை. அவர்தான் குழுவின் தலைவர். குழு கொடுத்த அறிக்கையின்படி, ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் எல்லா மாணவர்களின் மச்சத்தையும் காலி செய்ய வேண்டும். சுற்றறிக்கையின் தலைப்பு: தூய மச்சம், தூய தேர்வு.

காலி செய்யும் வேலை சுயம்புவுடையது.

சுயம்பு இருபத்தொன்பது வயதுக்காரன். நாகர்கோவிலுக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியின் பெயரில் மூன்று சாமிகளும் முதலாளியின் அம்மாவும் இருந்தார்கள். சுயம்பு அங்கேயே படித்து, வேறெங்கும் எடுக்கப்படாமல், அங்கேயே ஒட்டிக்கொண்டவன். அறை எண் நூற்றுப் பதினான்கில் உட்கார்ந்து தேர்வுப் பிரிவின் கணினிகளைப் பார்த்துக்கொண்டான். கம்பெனி கொடுத்த மென்பொருள் வண்ணமயமானது. ஒரு மச்சத்தை அழிக்க ஐந்து பொத்தான் அழுத்த வேண்டும், மூன்று முறை 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அப்படிச் செய்தால் தேர்வு அடுத்த வாரம்தான் தொடங்கும். ஆகவே சுயம்பு கருப்புத் திரையைத் திறந்து கட்டளை வரியில் வேலை செய்தான். அதற்கு 'ஒட்டி' என்று ஒரு நிரல் இருந்தது. அதற்குத் தெரிந்தது நாலே சொல். 'காட்டு' என்றால் யார் மச்சத்தில் என்ன இருக்கிறது, அது யாருடையது என்று விலாவாரியாகச் சொல்லும். 'எடு' என்றால் அந்த வரியை மட்டும் ஒரு கோப்பில் இறக்கி வைக்கும். 'வை' என்றால் கோப்பில் இருப்பதை மச்சத்தில் ஏற்றும். 'அழி' என்றால் அழிக்கும், ஒரு கேள்வியும் கேட்காது.

'காட்டு' மெதுவாக வேலை செய்யும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துக்குப் பிறகு சுயம்பு அதைத் தொட்டதில்லை.

அன்று முதலாண்டு மாணவர்களுக்கு முதல் தேர்வு, வேதியியல். ஒன்பதரைக்குத் தொடக்கம். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பெண் கதவைத் தட்டாமல் வந்து நின்றாள். கையில் ஹால் டிக்கெட், பேனா, பேனாவுக்குத் துணைப் பேனா.

“அண்ணே, ஒரு விஷயம்.”

“எந்த விஷயமா இருந்தாலும் பன்னெண்டரைக்கு அப்புறம்.”

“அப்புறம்னா பிரயோஜனம் இல்லண்ணே. எனக்கு மட்டும் அழிக்காதீங்க.”

சுயம்பு நாற்காலியைத் திருப்பினான். இந்த வேண்டுகோள் அவனுக்குப் புதிதில்லை. போன பருவத்தில் ஒருவன், தன் மச்சத்தில் இருப்பது குலதெய்வத்தின் மந்திரம் என்று சத்தியம் செய்தான். எடுத்துப் பார்த்தால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி.

“பேரு?”

“ஜெர்லின். ஃபர்ஸ்ட் இயர் சிவில்.”

“உள்ள என்ன வச்சிருக்க, ஜெர்லின்? எந்த யூனிட்?”

“யூனிட்லாம் இல்லண்ணே. குழம்பு.”

“என்னது?”

“எங்க அண்ணன் பேசினது. ததேயுஸ்னு பேரு. ரெண்டு வருஷம் முன்னால அந்த ஐப்பசிப் புயல்ல கடலுக்குப் போனவன். அன்னைக்கு விடியக்காலம் சாப்பிட்டுட்டு இருக்கும்போது ஒண்ணு சொன்னான். அம்மாட்ட போட்டுக்காட்டி வம்பிழுக்கலாம்னு அழுத்தி எடுத்தேன். அவன் போயிட்டான். இன்னும் அதுதான் இருக்கு.”

“ரெண்டு வருஷமாவா? வேற ஒண்ணுமே எடுக்கலையா?”

“எடுத்தா இது போயிருமே.”

அப்போதுதான் சுயம்புவுக்கு ஞாபகம் வந்தது. வகுப்பில் எல்லாவற்றையும் கையால் எழுதுகிற ஒரு பெண்ணைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். பேராசிரியர் ஒட்டுகிற வேகத்துக்கு ஈடுகொடுத்து எழுதுவாளாம். பையன்கள் அவளுக்கு 'ஜெராக்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் வலது கை நடுவிரலில் பட்டாணி அளவுக்குக் காய்ப்பு இருந்தது. இந்தத் தலைமுறையில் அப்படி ஒரு விரலை அவன் பார்த்ததில்லை.

“எங்க, போடு பாப்போம்,” என்று ஒலிபெருக்கியைக் காட்டினான்.

அவள் காதுக்குப் பின்னால் இரண்டு தடவை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. சுயம்பு ஒலிபெருக்கியைத் தட்டப் போனான். அவள் பொறு என்பதுபோல் விரலைக் காட்டினாள். பிறகு, வாயில் சோறு இருக்கிற ஒரு ஆணின் குரல், சாவகாசமாக:

“புளி கூடிப்போச்சு. பரவால்ல, இன்னும் கொஞ்சம் ஊத்து.”

அவ்வளவுதான். கரண்டி சட்டியில் படும் சத்தத்தோடு முடிந்தது.

“நெட்டு ஸ்லோவா இருக்கு போல,” என்றான் சுயம்பு.

“இல்லண்ணே. அவன் அப்படித்தான். யோசிச்சுத்தான் சொல்லுவான்.”

சுயம்புவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்பதும் கூடவே வந்தது. இன்டர்காமை எடுத்துத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் டாக்டர் புவனேந்திரனைக் கூப்பிட்டான். கான்கிரீட்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். பேசும்போது அது தெரியும்.

“சார், ஒரு ஸ்டூடண்டுக்கு அழிப்புல விலக்கு கேக்குறாங்க. செத்துப்போன அண்ணனோட குரல் சார். பாடம் எதுவும் இல்ல, நானே கேட்டேன்.”

“என்ன சொல்றாரு அண்ணன்?”

“குழம்புல புளி கூடிப்போச்சுங்கிறாரு சார்.”

எதிர்முனையில் பேனா மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

“புளியில என்னய்யா இருக்கு?”

“சார்?”

“டார்டாரிக் ஆசிட். இன்னிக்கு என்ன பேப்பர்? கெமிஸ்ட்ரி. ரெண்டாவது யூனிட், கரிம அமிலங்கள். நாளைக்கு ஒருத்தன் ஆர்.டி.ஐ. போட்டா நீயா பதில் சொல்லுவ?”

“சார், அது குழம்பு.”

“சிலபஸ்ல இருக்குற குழம்பு. அழி.”

சுயம்பு இன்டர்காமை வைத்தான். ஜெர்லினுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. ஹால் டிக்கெட்டின் ஓரத்தை மடக்கி நீவிக்கொண்டிருந்தாள்.

“எழுதாமப் போயிரு,” என்றான் அவன். “அடுத்த தடவை எழுதிக்கலாம். அதுக்குள்ள நான் ஏதாவது வழி பண்றேன்.”

“எனக்குக் கடல்சாவுச் சலுகையில கிடைச்ச சீட்டுண்ணே. ஒரு அரியர் விழுந்தா ரத்துனு போட்டிருக்கு.”

கடலில் போன மீனவர்களின் குடும்பத்துக்கு என்று ஒரு ஒதுக்கீடு இருந்தது. கல்லூரிக்கு வருஷத்துக்கு ஒரு சீட்டு. அதற்கான இறப்புச் சான்றிதழ் இதே அறையின் இரும்பு அலமாரியில்தான் இருந்தது. ததேயுஸின் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றியவனே சுயம்புதான். பெயரை மட்டும் மறந்துவிட்டான்.

அப்போது சுயம்புவுக்கு அந்த யோசனை வந்தது. கணினிக்காரர்களுக்கு வாழ்க்கையில் வரும் ஒரே யோசனை.

“இங்க பாரு. அழிக்கிறதுக்கு முன்னால உன்னுதை மட்டும் எடுத்து என் கம்ப்யூட்டர்ல வச்சுக்கிறேன். பேக்கப். பரீட்சை முடிஞ்சதும் வா. திரும்ப வச்சுவிடுறேன். அவ்வளவுதான் மேட்டரு.”

அவள் நிமிர்ந்தாள். “குரலு அப்படியே வருமா?”

“அச்சு அசலா. கரண்டிச் சத்தம் உட்பட.”

“எதுவும் மாறாதுல்லா?”

“ஒரு பைட்டு மாறாது. நான் கேரண்டி.”

“இல்ல, அது வாரது வந்து…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். இரும்பு அலமாரியை ஒரு தடவை பார்த்தாள்.

“என்ன?”

“ஒண்ணும் இல்லண்ணே. எடுங்க.”

சுயம்பு தட்டினான். ஒட்டி, எடு, ஜெர்லினின் எண். நிரல் சற்று நேரம் யோசித்தது. அன்றைக்கு எல்லோருமே யோசிக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பிறகு கோப்பு இறங்கியது. அதற்கு 'குழம்பு' என்று பெயர் கொடுத்தான். அவள் பார்க்கும்படி ஒருமுறை ஓடவிட்டான். புளி கூடிப்போச்சு, பரவால்ல, இன்னும் கொஞ்சம் ஊத்து. கரண்டிச் சத்தமும் இருந்தது. அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, “தேங்க்ஸ்ணே,” என்றாள்.

ஒன்பது பன்னிரண்டுக்கு சுயம்பு அழித்தான். ஒரே வரி. நானூற்றுப் பன்னிரண்டு மச்சங்களிலிருந்து சூத்திரங்களும், சமன்பாடுகளும், நாலைந்து காதல் கடிதங்களும், யாரோ ஒருவனின் வங்கிக் கடவுச்சொல்லும் போயின. திரையில் பதிவேடு மழைபோல் இறங்கியது. அதை யாரும் படிப்பதில்லை. சுயம்புவும் படிக்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த மனிதனுக்குரிய பசியோடு கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை தின்றான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஜெர்லின் வந்தாள். விரலெல்லாம் மை.

“எப்படி எழுதின?”

“பாஸாயிருவேன். ரெண்டாவது யூனிட்டுல புளி வரல.”

“சார்ட்ட சொல்லிடுறேன்,” என்று அவன் சிரித்தான். ஒட்டி, வை, குழம்பு, ஜெர்லினின் எண். “ஆச்சு. அழுத்திப் பாரு.”

அவள் இரண்டு தடவை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, காதில் கேட்டாள். கண் உடனே திறந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும். நாலாவது தடவை ஒலிபெருக்கியில் போட்டாள். விரல் மச்சத்தை விட்டு எடுபடுவதற்குள் குரல் வந்துவிட்டது: புளி கூடிப்போச்சு.

“அண்ணே,” என்றாள். “இது உடனே சொல்லுது.”

“அதுக்கென்ன? முன்னால ஸ்லோவா இருந்துச்சு, இப்ப சரியாயிருச்சு.”

“எங்க அண்ணன் யோசிப்பான்.”

“ஏ ஜெர்லின், அது குரலுதான். குரலு எங்க யோசிக்கும்?”

“நாலு நொடி யோசிப்பான். இது அவன் இல்ல.”

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. கோபமாக இருந்திருந்தால் சுயம்பு சமாதானம் சொல்லியிருப்பான். அது கோபம் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு ஆள் குறைகிறதென்று கண்டுபிடித்தவளின் குரலாக இருந்தது. சுயம்பு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வருஷக்கணக்கில் தொடாத அந்தச் சொல்லைத் தட்டினான். காட்டு.

ஜெர்லின். வரி ஒன்று. உரிமையாளர்: அறை 114, கணினி.

உரிமையாளர் என்றால் யார் எடுத்து வைத்தார்களோ அவர்கள் என்றுதான் அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். அப்படியென்றால் ஜெர்லின் என்றல்லவா இருக்க வேண்டும்? காலைப் பதிவேட்டைத் திறந்து அவள் எண்ணைத் தேடினான். எட்டு ஐம்பத்திரண்டு, அவள் ஒலிபெருக்கியில் போட்டுக்காட்டிய நேரம். ஒரே ஒரு வரி.

உரிமையாளர்: ததேயுஸ். கேட்கப்பட்டது. 3.9 நொடியில் பதில் தந்தார். உடல் வெப்பம் இயல்பு.

சுயம்பு அதை மூன்று தடவை படித்தான்.

“என்னண்ணே போட்டிருக்கு?”

“மச்சத்துல வரியே இருக்காது போல,” என்றான் அவன், தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல. “நாம எடுக்கிறோம்னு நினைக்கிறோம். எடுக்கிறதில்ல. யார்ட்ட போய்க் கேக்கணும்ங்கிற விலாசத்தை மட்டும் வச்சுக்குது. ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் சொன்ன ஆளோட மச்சத்துக்கே போய்க் கேட்டு வாங்கிட்டு வருது. அதனாலதான் எறும்பு ஊருது. மரியாதைக்கு இல்ல… அவங்ககிட்ட கேக்குறாங்க. அந்த மச்சம் ஓடுறது உடம்புச் சூட்டுல. உடம்புல சூடு இல்லன்னா பதில் வராது. ஜெர்லின், உங்க அண்ணன்…”

அவன் 'உடல் வெப்பம் இயல்பு' என்ற இடத்தில் விரலை வைத்தான்.

“உசுரோட இருக்கான்,” என்றாள் அவள். “தெரியும்ணே.”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“கரையில எல்லாருக்கும் தெரியும். செத்தவங்க சொன்னது ஒட்டாது. அந்தப் புயல்ல எங்க ஊர்ல பன்னெண்டு பேரு போனாவ. பதினோரு வீட்டுல அவங்கவங்க மச்சத்துல வச்சிருந்தது அந்த வாரமே நின்னுபோச்சு. அழுத்தினா ஒண்ணும் வராது. அப்பதான் அழவே ஆரம்பிச்சாவ. எங்க வீட்டுல மட்டும் வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா வந்து என் காதுல காதை வச்சுக் கேட்டுட்டு, ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டா. அவ வீட்டுக்காரரும் அதே போட்டுலதான் போனாரு.”

இஞ்சினியரிங் படித்த சுயம்புவுக்கு இது தெரியாது. கம்பெனியின் கையேட்டில் இருநூறு பக்கமிருந்தது. அதில் இது இல்லை. பன்னிரண்டு வீடுகளுக்குத் தெரிந்திருந்தது.

“தேடலையா?”

“தேடாம? மச்சக் கம்பெனிக்குப் போனோம். எங்க இருக்கான்னு சொல்லணும்னா போலீஸ் லெட்டர் வேணும்னாங்க. போலீஸ்ல போனா, ரிக்கார்டுபடி ஆளு செத்துட்டாரு, செத்தவரைக் காணலைன்னு எப்படிம்மா எழுதுறதுன்னாங்க. சர்டிபிகேட்டை ரத்து பண்ணிட்டு வாங்கன்னாங்க. தாலுகா ஆபீஸ்ல போய்க் கேட்டா, ஆளைக் கொண்டாங்க, ரத்து பண்றோம்னாங்க.”

“யாரு சர்டிபிகேட் வாங்கச் சொன்னது?”

“புயல் முடிஞ்சு எல்லாருக்கும் கேம்ப் போட்டுக் குடுத்தாங்கண்ணே. பன்னெண்டு பேருக்கும் சேத்து. வரிசையில நின்னு வாங்கினோம்.” அவள் நடுவிரல் காய்ப்பைக் கட்டைவிரலால் தேய்த்தாள். “அப்புறம் எனக்குச் சீட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் அம்மா தாலுகா ஆபீஸுக்குப் போகல. உசுரோட இருந்தா அவனே வருவான், சீட்டு போனா திரும்ப வராதுன்னு சொன்னாவ.”

“நீ என்ன சொன்ன?”

“நான் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டினேன்.”

சுயம்புவால் அவளைப் பார்க்க முடியவில்லை. அலமாரியைப் பார்த்தான். அதற்குள் ததேயுஸ் அரசாங்க முத்திரையோடு செத்துக்கிடந்தான்.

“காலையில என்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஜெர்லின். ஒரு வார்த்தை. காட்டுன்னு தட்டிப் பார்த்திருப்பேன்.”

“நீங்க காலேஜ் ஆளுல்லா.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் போகிற வழி சொல்வதுபோல் சொன்னாள்.

“அவன்கிட்ட இருந்து வேற எதுவும்…”

“அந்த மச்சத்துக்குத் தானாப் பேச வராதேண்ணே. கேட்டாத்தான் சொல்லும். எங்க இருக்கான்னு தெரியாது. ஜெயிலா, கப்பலா, எந்த நாடோ. முதல்ல ரெண்டு நொடியில சொல்லிருவான். போன மழைக்கு அப்புறம் நாலாயிருச்சு. இன்னும் தூரமாக் கொண்டு போயிட்டாவன்னு அம்மா சொன்னாவ. நான் தினமும் காலையில எட்டரைக்கு ஒரு தடவை அழுத்துவேன். எறும்பு ஊரும்லா? நாங்க இருக்கோம்னு அவனுக்குத் தெரியும். அவன் இருக்கான்னு எங்களுக்குத் தெரியும். அதுக்கு மேல என்ன பேச?”

சுயம்பு மனசுக்குள் கணக்குப் போட்டான். இன்று எட்டரைக்கு ஒன்று. எட்டு ஐம்பத்திரண்டுக்கு, தனக்குப் போட்டுக்காட்ட, ஒன்று. பேக்கப் எடுத்தபோது மூன்றாவது. இரண்டு வருஷத்தில் ஒரு காலையில் மூன்று தடவை எறும்பு ஊர்ந்தது இன்றுதான். எங்கோ ஒரு ஆள் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்திருப்பான். வீட்டில் என்னமோ அவசரம் என்று நினைத்திருப்பான்.

“திரும்பவும் அவன்கிட்ட கோத்துவிட முடியாதாண்ணே? பழையபடி?”

“முடியாது. அவன் பக்கத்துல நின்னு பேசணும். நீ அழுத்தணும். அப்பதான் விலாசம் ஏறும்.”

“பக்கத்துல நின்னா எனக்கு எதுக்கு மச்சம்?”

சுயம்பு பதிவேட்டைக் கீழே நகர்த்தினான். ஏதாவது ஒரு வழி, ஏதாவது ஒரு எண், ஒரு ஊர்ப்பெயர் கிடைக்காதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்பது ஐந்து, எடுத்தல். ஒன்பது பன்னிரண்டு, அழித்தல். அதன் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அவன் கை நின்றது.

“அண்ணே,” என்று ஜெர்லின் கேட்டாள். “அழிச்சது அவனுக்குத் தெரியுமா?”

சுயம்பு திரையை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கமாகத் திருப்பினான்.

“தெரியாது.”

“ஒண்ணுமே தெரியாதா?”

“ஒண்ணும் போகாது. நாளைக்கு எறும்பு வரலைன்னா, நெட்டு இல்லன்னு நினைச்சுக்குவான்.”

அவள் அதை நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. நம்புவதுபோல் தலையாட்டினாள். எழுந்து ஸ்டூலைப் பழைய இடத்தில் தள்ளிவைத்தாள். வியாழக்கிழமை இயற்பியல் தேர்வு இருக்கிறது, படிக்கணும் என்றாள். கதவருகே போனவள் நின்று, மச்சத்தில் விரலை வைத்தாள். காலையில் அவன் செய்து கொடுத்த அந்தப் பிரதி இன்னும் அதில் இருந்தது. அவள் அழுத்தவில்லை.

“வியாழக்கிழமை பேக்கப் எடுக்க வேண்டாம்ணே,” என்றாள். “சும்மா அழிச்சிருங்க.”

போய்விட்டாள். இன்டர்காம் அடித்தது. டாக்டர் புவனேந்திரன், அழிப்பு முழுமையாக முடிந்ததற்கு அத்தாட்சி வேண்டும், பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றார். சரி சார் என்றான் சுயம்பு. திரையை நேராகத் திருப்பினான். கம்பெனிக்காரர்கள் யாரையும் புண்படுத்தாத நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

9:12:07. அழிப்பு முடிந்தது. உரிமையாளர் ததேயுஸுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது: உங்கள் சொல் இனி இவருக்குத் தேவையில்லை. இதுவரை அளித்தமைக்கு நன்றி.

9:12:11. உரிமையாளர் பெற்றுக்கொண்டார்.